அத்தையின் சர்க்கரைக் கணக்கும் அடம்பிடித்த பென் டிரைவும்

கவரைப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. ஆனால் அவருடைய கஷ்டம் இன்று பல வீடுகளில் இருக்கிற கஷ்டம். அதனால் மற்றக் கடிதங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த இதழில் முழுப் பக்கமும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். மூத்த பெண் ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். லேப்டாப் அம்மாவிடம் தங்கிவிட்டது. சும்மா தூசி படிந்து கிடப்பானேன் என்று, இந்த அம்மாள் தானே தமிழில் டைப் அடிக்கப் பழகி, அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்) எடுத்த ரத்தப் பரிசோதனை, பிரஷர், மாத்திரை மாற்றம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம்! நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பொறுமை வரும்?

இப்போது அத்தைக்குக் கால் வீக்கம். சென்னையில் சிறுநீரக டாக்டர் பார்த்துவிட்டு, "பழைய கிரியேட்டினின் எல்லாம் எடுத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். லேப் கொடுத்த சீட்டுகளில் பாதி மங்கிப்போய் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கின்றன. பஸ் டிக்கெட் போல சூட்டில் அச்சாகிற தாள் அது, எழுத்து நிற்காது. ஆக, மிச்சம் இருப்பது லேப்டாப்பில் இருக்கும் கணக்கு ஒன்றுதான். லேப்டாப்புக்கோ பேட்டரி செத்துவிட்டது, திரையில் கோடு கோடாக ஓடுகிறது. மகன் தன் சம்பளத்தில் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பழையதிலிருந்து பென் டிரைவில் காப்பி எடுத்து, புதியதில் செருகினால், அது என்ன கேட்கிறது தெரியுமா? "இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?"

"அக்கா, ஆமாம்னு தட்டிடலாமா? கை பதறுது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தட்டாதீர்கள். வேண்டவே வேண்டாம். ரத்து என்று இருப்பதைத் தொட்டு, பென் டிரைவைக் கழற்றி, பூஜை அறையில் வைத்தாலும் சரி, பீரோவில் வைத்தாலும் சரி, பத்திரமாக வையுங்கள். உங்கள் கணக்கு எங்கேயும் போய்விடவில்லை. புது கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்களே, சொல்கிறேன்.

இந்த அரசு லேப்டாப் திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பிறந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்ததும் அதே மேடையில்தான், ஞாபகம் இருக்கிறதா? தொடக்க வருஷங்களில் வந்த லேப்டாப்களுக்குள் ஒன்றுக்கு இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தார்கள். தமிழில் இயங்குதளம் என்கிறார்களே, அதுதான். ஒன்று, எல்லோருக்கும் பழக்கமான விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகம் பூராவும் பலர் சேர்ந்து வளர்த்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

நம் சகோதரி வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் எப்போதோ கெட்டுப்போய்விட்டதாம். பாஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு அது என்ன, இது என்ன, எழுத்து வந்தால் சரி என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். பென் டிரைவை, "புதுசு மாதிரி பண்ணித் தர்றேன் ஆன்ட்டி" என்று பக்கத்து வீட்டுப் பையன் அந்த லேப்டாப்பிலேயே ஃபார்மட் செய்து கொடுத்திருக்கிறான். வினை அங்கேதான் முளைத்தது.

ஃபார்மட் என்றால் என்ன? நம்ம அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிண்ணத்தில் கடுகு, எந்தக் கிண்ணத்தில் வெந்தயம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம். நமக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வரும். பென் டிரைவிலும் ஃபைல்களை எங்கே வைத்திருக்கிறது என்று ஒரு ஜாபிதா இருக்கும். அந்த ஜாபிதாவை எழுதுகிற முறைதான் ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் வேறு. விண்டோஸ் தன் டிஸ்கில் என்டிஎஃப்எஸ் என்ற முறையில் எழுதும். லினக்ஸ் பெரும்பாலும் இஎக்ஸ்டி4 முறையில் எழுதும். ஆப்பிள் மாக் கம்ப்யூட்டர்களுக்கு அவர்கள் முறை. லினக்ஸுக்குப் பெருந்தன்மை உண்டு, விண்டோஸ் எழுதியதைப் படிக்கும். விண்டோஸ் அப்படி இல்லை. லினக்ஸ் முறையில் எழுதிய பென் டிரைவைப் பார்த்தால், "இதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது, துடைத்துச் சுத்தம் பண்ணட்டுமா?" என்று கேட்கிறது. கேள்வி என்னவோ மரியாதையாகத்தான் இருக்கிறது! ஆமாம் என்றால் ஜாபிதா போய்விடும்.

படிக்கத் தெரியவில்லை என்று சொல்லாமல் துடைக்கட்டுமா என்று கேட்கிற அந்தச் செய்தியை எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம்தான். எத்தனை வீட்டுக் கல்யாணப் படங்கள் இப்படிப் போயிருக்கும்!

ஒருவேளை உங்களில் யாராவது ஏற்கெனவே ஆமாம் என்று தட்டியிருந்தால், அதற்குப் பிறகு அந்தப் பென் டிரைவில் ஒரு பாட்டுகூட ஏற்றாதீர்கள். துடைக்கப்பட்டது பெரும்பாலும் ஜாபிதாதான். மேலே புதிதாக எதுவும் எழுதாமல் இருந்தால், விஷயம் தெரிந்தவர் அதற்குரிய புரோகிராம் போட்டு ஓரளவு மீட்டுக்கொடுக்க வழி உண்டு.

சரி, நம் சகோதரி இப்போது செய்ய வேண்டியது. நல்ல வேளை, பழைய லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சார்ஜர் வயரைச் செருகிவைத்தே வேலை செய்யட்டும். கடையில் 32 ஜிபி-க்குள் ஒரு புதுப் பென் டிரைவ் வாங்குங்கள். அந்த அளவில் வருகிறவை அநேகமாக ஃபேட்32 என்ற முறையில்தான் வரும். 1996-இலிருந்து இருக்கிற முறை. விண்டோஸ், லினக்ஸ், மாக், கடை பிரிண்டர், டிவி எல்லாமே அதைப் படிக்கும். ரயில்வே பிளாட்பாரத்தில் எல்லா பாஷைக்காரருக்கும் புரிகிற மாதிரி "சாயா, சாயா" என்று கூவுவார்களே, அந்த மாதிரி. அதில் ஒரே குறை, 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. கல்யாண வீடியோவுக்குத்தான் அது இடைஞ்சல், அத்தையின் கணக்குக்கு இல்லை. பெரிய வீடியோ வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ஃபேட் என்று இன்னொரு முறை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை 2019-இல் வெளிப்படையாகத் தந்த பிறகு புது லினக்ஸ்களும் அதைத் தானாகவே படிக்கின்றன. 2012, 2013-இல் வந்த பழைய லேப்டாப்புக்கு அது தெரியாமல் போகலாம். அதனால் உங்களுக்கு ஃபேட்32-தான் சரி.

காப்பி செய்யும்போது காப்பிதான் செய்ய வேண்டும், கட் செய்யக் கூடாது. பழையதில் இருப்பது பழையதிலேயே இருக்கட்டும். முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். "முடிந்துவிட்டது" என்று திரையில் வந்த பிறகும் கம்ப்யூட்டர் கொஞ்சத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக எழுதும் பழக்கம் உண்டு. லினக்ஸில் இந்தப் பழக்கம் அதிகம். பென் டிரைவின் பெயரைத் தொட்டு, வெளியே எடுக்கலாமா என்று கேட்டு, அது சரி என்ற பிறகு எடுங்கள். புது லேப்டாப்பில் போட்டு, எத்தனை ஃபைல் போக வேண்டுமோ அத்தனை வந்ததா என்று எண்ணுங்கள். பெயர் வந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். இதெல்லாம் ஆன பிறகுதான் பழைய லேப்டாப்பைப் பற்றி யோசிக்கணும்.

சில ஃபைல்கள் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். பயப்படாதீர்கள், பெயரைப் பாருங்கள். "சுகர்: மார்ச்" என்றோ "புது மாத்திரை ஏன்?" என்றோ வைத்திருப்பீர்கள். லினக்ஸ் அந்த முக்காற்புள்ளியையும் கேள்விக்குறியையும் பெயரில் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸும் ஃபேட்32-ம் ஏற்காது. குறியை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றினால் மறு பேச்சில்லாமல் போகும். இங்கிலீஷில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பெரிய எழுத்தில் தொடங்கிய "ரிப்போர்ட்"டும் சின்ன எழுத்தில் தொடங்கிய "ரிப்போர்ட்"டும் லினக்ஸுக்கு இரண்டு ஃபைல், விண்டோஸுக்கு ஒன்றுதான். "ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒன்று காலி. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது பாருங்கள், தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இந்த வம்பே இல்லை!

லேப்டாப் முழுக்கவே செத்துப்போயிருந்தால்? அப்போதும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டால் பென் டிரைவ் மாதிரியே செருகலாம். சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தால் அந்த உறை கிடைக்கும். ஆனால் அதையும் விண்டோஸில் செருகினால் அதே கேள்வியைத்தான் கேட்கும். லினக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டரில்தான் செருக வேண்டும். கவரைப்பேட்டையிலேயே ஆர்.எம்.கே. இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் எத்தனை பிள்ளைகள் முதுகில் பையோடு இறங்குகிறார்கள்! லினக்ஸ் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். காபி கொடுத்துக் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உடம்பு விவரம், ஆதார் நகல் எல்லாம் இருக்கிற டிஸ்கை முகம் தெரியாத கடையில் இரண்டு நாள் விட்டுவிட்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஃபைல் வந்துவிட்டது. இனி அதைத் திறக்க வேண்டுமே. பாஸ் லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் என்ற புரோகிராமில் எழுதியிருப்பீர்கள். அதில் சேமித்ததை விண்டோஸில் வேர்டும் எக்ஸெலும் திறக்கும். கட்டங்கள் கொஞ்சம் இப்படி அப்படி நகரலாம், எண்கள் நகராது. வேர்டு வாங்கக் காசு இல்லை என்றால் அதே லிப்ரே ஆபீஸை விண்டோஸிலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் சகோதரியின் கடிதத்தில் எனக்கு வியப்பாக இருந்த விஷயம் வருகிறது. மகளிர் குழுக் கணக்கும் அவரிடம் இருக்கிறது. அதைக் கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் டைப் செய்து வாங்கியிருக்கிறார். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்குத்தானே போகிறது, அது ஒழுங்காக வரும், லினக்ஸில் எழுதினதுதான் கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நடந்திருப்பது தலைகீழ்! குழுக் கணக்கைத் திறந்தால் ஏதோ மந்திரம் எழுதின மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் வருகிறதாம். "அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கிறதாம்.

அதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அது பாமினி எழுத்துரு. பழைய நாளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டி ஒரு எழுத்துரு செய்தார்கள். கம்ப்யூட்டர் மனத்தில் அது எம்-தான், நம் கண்ணுக்கு மட்டும் "அ". அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் வேஷம் கலைந்து எம் வெளியே வந்துவிடும். இதில் பாமினி ஒன்று, அரசு ஆபீஸ்களில் வானவில் ஒன்று, பத்திரிகை ஆபீஸ்களில் வேறு வேறு. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் படிக்க வராது. ஒரே ஊரில், ஒரே தெருவில், இரண்டு கடைக்குள் தமிழ் போய்வர முடியாத நிலைமை! இதைச் சரிசெய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்று மாநாடு கூட்டினார்கள். தமிழ்99 விசைப்பலகை அங்கேதான் முடிவானது. எழுத்துக் குறியீட்டுக்கும் டாம், டாப் என்று இரண்டு முறையைச் சொன்னார்கள். ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. உலகத்து மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் கொடுக்கிற யூனிகோடு முறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அதைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றது 2010-இல். இன்று உங்கள் செல்போனில் வருகிற தமிழ் யூனிகோடுதான்.

பாஸ் லினக்ஸில் தமிழ் அடித்தால் தொடக்கத்திலிருந்தே யூனிகோடுதான் வரும். ஆகவே அத்தையின் கணக்கு எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும், செல்போனுக்குப் போனாலும் "கிரியேட்டினின்" என்று தமிழிலேயே நிற்கும். பெரிய படிப்புப் படிக்காத நம் சகோதரி தனக்குத் தெரியாமலே சரியான முறையில் எழுதியிருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்த கடைக்காரர்தான் இடறிவிட்டார். குழுக் கணக்குக்கும் வழி இருக்கிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் இலவச மாற்றிகள் உண்டு. ஒட்டினால் நொடியில் மாறிவிடும். மாறியதும் உறுப்பினர் பெயர்களை ஒரு தரம் கண்ணால் பாருங்கள், ஒற்றெழுத்து, "ஸ்ரீ", "ஜ" போன்ற இடங்களில் சறுக்கலாம். இனிமேல் எந்தக் கடையில் டைப் செய்தாலும், "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜாக்கெட்டுக்கு அளவு சொல்கிற மாதிரி கண்டிப்பாகச் சொல்லணும்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன், டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்த சகோதரிகளுக்குப் பிடிக்கும். வரி முடிந்ததும் மணி அடிக்கும், இடது கையால் நெம்புகோலைத் தள்ளுவோமே? அந்த ஒரு தள்ளில் இரண்டு காரியம் நடக்கும். தாள் ஒரு வரி மேலே ஏறும், வண்டி வலப்புறம் போய் முதல் எழுத்துக்குத் திரும்பும். விண்டோஸ் இன்றைக்கும் சாதாரண எழுத்து ஃபைலில் வரி முடிவில் அந்த இரண்டு காரியத்துக்கும் இரண்டு குறி போடுகிறது. லினக்ஸ் ஒரே குறியோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் லினக்ஸில் வரிவரியாக எழுதிய குறிப்பை விண்டோஸ் நோட்பேடில் திறந்தால், எல்லாம் ஒரே வரியாக ரயில் மாதிரி நீண்டு போகும். 2018-க்குப் பிறகு வந்த நோட்பேடில் இந்தத் தகராறு இல்லை. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதை வேர்டில் திறந்தால் போதும்.

வேடிக்கை போகட்டும். இப்போது சொல்லப்போவது நிஜமாகவே கவனிக்க வேண்டிய இடம். தேதி.

கிரியேட்டினின் 1.4 என்று ஒரே ஒரு சீட்டைக் காட்டினால் டாக்டருக்குப் பாதி விஷயம்தான் தெரியும். மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 1.4-க்கு வந்ததா, இரண்டு மாதத்துக்கு முன் 0.9 இருந்து திடீரென்று ஏறியதா என்பதை வைத்துத்தான் அவர் யோசிப்பார். முதலாவது என்றால் நாள்பட்ட சர்க்கரையால் சிறுநீரகம் தேய்வதாக இருக்கலாம். இரண்டாவது என்றால் புதிதாகச் சேர்த்த வலி மாத்திரையா, உடம்பில் நீர் வற்றியதா, சிறுநீர் அடைப்பா என்று உடனே தேட வேண்டியிருக்கும். அதனால் எண்ணைப் போலவே தேதியும் முக்கியம். இந்தத் தேதியில்தான் கம்ப்யூட்டர் மாறும்போது கோளாறு வரும். 3/4 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க முறையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அது மார்ச் நாலு. சத்தம் போடாமல் மாற்றிக்கொள்ளும். 13/4 என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லையே என்று அதை மட்டும் விட்டுவிடும். பாதி தேதி மாறி, பாதி மாறாமல், வரிசை குழம்பிவிடும். முக்கியமாக, காற்புள்ளி போட்டுப் பிரிக்கிற சிஎஸ்வி ஃபைலாக மாற்றிக் கொண்டுபோனால் இந்த ஆபத்து அதிகம். அதைவிட, "2023 ஏப்ரல் 3" என்று மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். எந்தக் கம்ப்யூட்டரும் கைவைக்காது. பழைய கணக்கை மாற்றிய பிறகு, மங்காமல் மிஞ்சியிருக்கும் லேப் சீட்டுகளில் நாலைந்தை எடுத்துத் தேதியை ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் நிம்மதி.

டாக்டரிடம் காட்டுவதற்கு என்று ஒரு பிரதியைப் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். லிப்ரே ஆபீஸிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. 1993-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது, 2008-இல் உலகத் தரமாகவே ஆகிவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் அச்சடித்த தாள் மாதிரி அப்படியே தெரியும், எழுத்துருவும் கூடவே போகும். ஆனால் அதில் திருத்துவது கஷ்டம், அதனால் மூல ஃபைலையும் வைத்துக்கொள்ளணும். அச்சுக்குப் போட்டு ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

சீட்டுகளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால் ஆபரேட்டிங் சிஸ்டம் தகராறே இல்லையே என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். 1.4-ஆ 1.9-ஆ என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிற மாதிரி ஆகும். அனுப்பும்போது "டாக்குமென்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுருக்காமல் போகும். ஐபோன் வைத்திருக்கும் பிள்ளை அனுப்பும் படம் சில கம்ப்யூட்டரில் திறக்காது. 2017-இலிருந்து ஐபோன் ஹெச்இஐசி என்ற புது வடிவில் படம் எடுக்கிறது, அதனால்தான். கேமரா அமைப்பில் பழைய வடிவுக்கு மாற்றச் சொல்லுங்கள், தீர்ந்தது.

கடிதத்தின் கடைசியில் ஸ்கேன் சிடி பற்றி ஒரு வரி போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிடி லினக்ஸ் லேப்டாப்பில் ஓடவில்லையாம். அந்தச் சிடிக்குள் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று ஸ்கேன் படங்கள், டைகாம் என்ற வடிவில். அமெரிக்கக் கதிரியக்க டாக்டர்கள் சங்கமும் கருவி செய்கிறவர்கள் சங்கமும் சேர்ந்து 1985-இல் தொடங்கி, 1993-இல் டைகாம் என்ற பெயரில் நிலைநிறுத்திய தரம் அது. எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் படம் ஒரே வடிவில் வருவதற்காகச் செய்தது. இரண்டாவது, அதைத் திறந்து காட்டும் ஒரு சின்னப் புரோகிராம். அந்தப் புரோகிராம் பெரும்பாலும் விண்டோஸுக்கு என்றே எழுதியது. அதனால்தான் லினக்ஸிலும் மாக்கிலும் ஓடாது. படங்கள் பொதுதான், வீஸிஸ் என்ற இலவசப் புரோகிராம் மூன்று சிஸ்டத்திலும் அவற்றைத் திறக்கும். புது லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே இருக்காதே! இப்போதே பழைய லேப்டாப்பில் போட்டுச் சிடி முழுவதையும் ஒரு போல்டராகப் பென் டிரைவுக்கு ஏற்றிவிடுங்கள். படம் மாதிரி தெரிகிறதை மட்டும் பொறுக்காதீர்கள், பெயர் புரியாத ஃபைல்களும் சேர்ந்துதான் ஒரு ஸ்கேன். சிடியை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கிற மாதிரி 1988-லேயே தரம் வகுத்துவிட்டார்கள். லேப்டாப் எதுவாக இருந்தாலும் காப்பி எடுக்க முடியும். இரண்டாவது டாக்டரிடம் போகும்போது பிலிமைப் போனில் படம் எடுத்துக் கொண்டுபோவதைவிட இது எவ்வளவோ மேல். மூலப் படத்தில்தான் அவர் பெரிதாக்கி, வெளிச்சம் கூட்டிக் குறைத்து, அளவெடுத்துப் பார்க்க முடியும்.

சகோதரி, அடுத்த தடவை சென்னைக்கு டாக்டரைப் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பாவது இதையெல்லாம் முடித்துவிடுங்கள். கிளம்புகிற காலையில் செய்யாதீர்கள். ஏழு வருஷக் கணக்கில் கிரியேட்டினின் வரிகளை மட்டும் தனியாக எடுத்து, தேதி வரிசைப்படி ஒரே பக்கத்தில் போட்டுக் கொடுத்தால் டாக்டருக்கு வேலை சுலபம். எந்தத் தேதியில் எந்த மாத்திரை மாறியது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். வலிக்கு என்று அத்தை கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு இரண்டு வரி போடுங்கள்.

போன இதழில் பழைய செல்போனில் மாட்டிக்கொண்ட விலாசங்களைப் பற்றிக் கேட்டிருந்த பொன்னேரி சகோதரிக்கும், குக்கர் கேஸ்கட் அடிக்கடி தளர்ந்துபோகிறது என்று எழுதிய ஊத்துக்கோட்டை சகோதரிக்கும் அடுத்த இதழில் பதில்.